கல்லில் எழுதிய திருவுருவம்

திருச்செந்தூர்க் கருவறையில் செந்திலாண்டவர் கையில் மலரேந்தி, சிவபூஜை புரியும் கோலத்தில் நின்றருளுகிறார். அத்திருக்கோலத்தை நிழற்படம் எடுக்க இன்றும் அனுமதியில்லை. ஆயினும் தூத்துக்குடிக் கடற்கரையின் முருகனடியார் இல்லங்களில் அவரது படம் இல்லாத பூஜையறை அரிது. கருவிக்கு எட்டாத திருமுகத்தை வீடுதோறும் சேர்த்தவர்கள் ஓவியரும் அச்சுத் தொழிலாளருமே ஆவர்.

நிழற்படக்கலை தோன்றுவதற்கு முன்பே, 1790களின் இறுதியில், ஜெர்மனியின் பவேரியாவில் அலாய்ஸ் செனபெல்டர் கல்லச்சு முறையைக் கண்டறிந்தார். வழவழப்பாகத் தேய்த்த சுண்ணாம்புக் கல்லில் கொழுப்புச் சேர்ந்த மையால் உருவத்தை எழுதுவார்கள். கல்லை நனைத்து மை உருளையை ஓட்டினால், எழுதிய இடத்தில் மட்டுமே மை பற்றும்; ஈரமான இடம் அதனை ஏற்காது. வண்ணப் படமாயின் ஒவ்வொரு வண்ணத்திற்கும் ஒரு தனிக் கல் வேண்டும். அத்தனை கற்களின்மீதும் ஒரே தாள் இம்மியும் பிசகாமல் படிய வேண்டும். பிசகினால் அம்பாளின் இதழ்ச் சிவப்பு கன்னத்தில் ஏறிவிடும்! அச்சில் இடவலம் மாறும் என்பது மற்றொரு சோதனை. வேலனின் வேலைக் கல்லில் இடக்கரத்தில் எழுதினால்தான் தாளில் அது வலக்கரத்திற்கு வரும்.

1894இல் ராஜா ரவிவர்மா பம்பாயில் நிறுவிய அச்சகம் இம்முறையில்தான் திருமகளையும் கலைமகளையும் நாடெங்கும் அனுப்பியது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் ஆலயப் பிரவேசம் நிகழ்ந்தது 1939இல். அதுவரை கோபுரத்தை மட்டுமே தொழுது திரும்பிய எளிய அடியார் எத்தனை பேர்! அவர்கள் குடிசைக்குத் தெய்வமே எழுந்தருளியது ஒரு தாளில்தான்.

இம்மரபை இம்மாவட்டத்தில் வளர்த்தவர் கோவில்பட்டி சி. கொண்டையராஜு (1898–1976). சென்னை ஓவியப் பள்ளியில் பயின்று, திருவண்ணாமலை ரமணாச்ரமத்தில் சில காலம் தங்கி, பின்னர் நாடகக் குழுவிற்குத் திரைச்சீலை எழுதியவர் அவர். 1940களில் கோவில்பட்டியிலேயே நிலைத்து, சீடர்களுடன் தெய்வப் படங்கள் எழுதலானார். சிவகாசி அச்சகங்கள் அவற்றை நாட்காட்டிகளாக்கின. அப்படங்களில் தெய்வத்தின் பின்னே தெரியும் மாளிகைத் தூண்களும் நந்தவனமும் நாடக மேடையிலிருந்து வந்தவை என்பதை இன்று எவர் நினைக்கிறார்! பக்தரின் கண் அங்கே செல்வதில்லை. தம்மையே நேராக நோக்கும் திருமுகத்தில் அது நின்றுவிடுகிறது.

ஆண்டு முடிந்து தேதித் தாள்கள் யாவும் கிழிந்த பின்னரும், படத்தை மட்டும் வெட்டியெடுத்துக் கண்ணாடிச் சட்டமிட்டு, குங்குமம் இட்டு வணங்கும் வழக்கம் இல்லங்களில் இன்றும் உண்டு.