வால்வுக்கு மீசை இல்லை

திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் ஊர் ஊராகப் போய் போர் போடுகின்றன. வண்டிக்குப் போன ஆண்கள் மாதக்கணக்கில் வீடு திரும்புவதில்லை. அந்த வீட்டில் தொட்டிக்குக் கீழே இருக்கும் கேட் வால்வு இறுகிவிட்டால், பிளம்பர் வரும்வரை பெண் காத்துக் கிடக்கிறாள். நிலத்தை ஆயிரம் அடி துளைக்கிற ஊரில் இதை யாரும் விநோதமாகப் பார்ப்பதில்லை.

தண்ணீர் பிடிப்பது, சுமப்பது, காவிரித் தண்ணி விடும் நாளை நினைவில் வைப்பது எல்லாம் பெண் வேலை. அதே தண்ணீரை நிறுத்தும் வால்வைத் தொடுவது மட்டும் ஆண் வேலை. கூலி இல்லாத பாதி நமக்கு, கூலி உள்ள பாதி அவர்களுக்கு. கேட்டால், பலம் வேண்டுமாம். தலையில் ஒன்று இடுப்பில் ஒன்று என்று குடம் ஏற்றும்போது இந்தப் பலக் கணக்கை எவரும் எடுத்ததில்லை.

எங்கள் வீட்டு வால்வை நான்தான் மாற்றினேன். அதுதான் முதல் தடவை. "வூட்டுல அண்ணன் இல்லீங்களாக்கா?" என்று கேட்ட பிறகே கடைக்காரர் சாமானை எடுத்தார்.

வருடக்கணக்கில் திறந்தே கிடக்கும் வால்வுக்குள் போர் தண்ணீரின் உப்பு படிந்து கல்லாகிவிடுகிறது. முரட்டுப் பலம் போட்டால் தண்டு முறியும். எண்ணெய் விட்டு, முன்னும் பின்னுமாக மெல்ல அசைத்துப் பார்க்க வேண்டும். அசையாவிட்டால் தொட்டியைக் காலி செய்து, பக்கத்து யூனியனைக் கழற்றி, ஒரு ரிஞ்சால் பைப்பை அழுத்திப் பிடித்துக்கொண்டு இன்னொன்றால் வால்வைத் திருக வேண்டும். பைப்பைப் பிடிக்காவிட்டால் அடுத்த மூட்டும் ஒழுகத் தொடங்கும். மரையில் டெஃப்லான் டேப்பை, திருகும் திசையிலேயே சுற்ற வேண்டும். புதிதாகப் பால் வால்வு போட்டால் கால் சுற்றில் மூடும். மாதம் ஒருமுறை மூடித் திறந்தால் எளிதில் இறுகாது. பொறுமையும் இரண்டு ரிஞ்சும் கேட்கிற வேலை. மீசை எந்த இடத்திலும் தேவைப்படவில்லை.

1990களின் தொடக்கத்தில் உத்தரப் பிரதேசத்தின் பாந்தாவில், மகிளா சமாக்யா திட்டத்தின் கீழ், பள்ளிக்கூடம் போகாத தலித், ஆதிவாசிப் பெண்கள் கைப்பம்பு மெக்கானிக்குகள் ஆனார்கள். ஸ்பேனரைப் பிடித்த பிறகு, எழுதப் படிக்கவும் சொல்லித்தரச் சொன்னார்கள். இங்கே பெண்கள் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. பட்டம் வாங்கியவளுக்கு மெயின் வால்வு எங்கே இருக்கிறதென்று காட்டத்தான் ஆளில்லை.

சீரே கூடாது என்பது என் கட்சி. கொடுத்தே தீருவோம் என்கிறவர்கள், பித்தளைக் குடத்துக்குப் பக்கத்தில் பைப் ரிஞ்ச் ஒன்றையும் வையுங்கள். பதினான்கு அங்குலம் போதும்.