சிகிச்சை 5 ரிங்கிட், பயணம் எவ்வளவு?

அரசாங்க மருத்துவமனையில் நிபுணரைப் பார்க்க 5 ரிங்கிட்தான். அப்புறம் ஏன் சில புற்றுநோயாளிகள் சிகிச்சையைப் பாதியில் விடுகிறார்கள்?

மிரியில் இருப்பவரை நினைத்துப் பாருங்கள். சரவாக்கில் அரசாங்கக் கதிர்வீச்சு சிகிச்சைக்கு நீண்ட காலமாகக் கூச்சிங்தான் கதி. மிரியிலிருந்து சாலைவழி ஏறக்குறைய 800 கிலோமீட்டர். ஒரு தடவை சிகிச்சைக்குச் சில நிமிடம் போதும்; ஆனால் பலர் வாரம் 5 நாள், பல வாரம் போகவேண்டும். தினமும் போய்வர முடியுமா? தங்கித்தான் ஆகவேண்டும். நாள்சம்பளக்காரருக்கு வருமானம் நின்றுவிடும். துணைக்கு வருபவருக்கும்தான்.

உதவி இருக்கிறது. 2019இல் தொடங்கிய பெக்கா பி40 திட்டத்தில், சபா, சரவாக், லாபுவானில் இருப்பவர்களுக்குப் போக்குவரத்துக்கு 1,000 ரிங்கிட் வரை கிடைக்கும், தீபகற்பத்தில் 500. புற்றுநோய் சிகிச்சையை முடித்தால் இன்னொரு 1,000. விமானச் சீட்டுக்குச் சரி, வீட்டு வாடகைக்கு?

நோயைத் தாமதமாகக் கண்டுபிடித்தால் சிகிச்சை இன்னும் கடினம். 2017 முதல் 2021 வரை மலேசியாவில் பதிவான புற்றுநோய்களில் சுமார் 65 விழுக்காடு 3ஆம், 4ஆம் கட்டத்தில்தான் தெரியவந்தன.

எஸ்டிஆர் உதவி பெறுகிறீர்களா? 40 வயதாகிவிட்டதா? அதே பெக்கா பி40இல் மருத்துவப் பரிசோதனை இலவசம். பெண்களுக்கு மார்பகப் பரிசோதனையும் உண்டு. திட்டத்தில் சேர்ந்துள்ள தனியார் கிளினிக்கிலும் செய்யலாம். மைகார்டை மறக்காதீர்கள்.