வெட்கப்பட வேண்டியது யார்?

பெண்களை அடிப்பதும் இம்சிப்பதும் குற்றம் என்று சட்டப் புத்தகத்தில் எழுதியிருக்கிறதே ஒழிய, ஜனங்களுடைய மனதில் அது இன்னும் குற்றமாகவில்லை. 2019-21-இல் சர்க்கார் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கின்படி, நம் தமிழ்நாட்டில் கல்யாணமான 18 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 100-க்கு 38 பேர் புருஷனுடைய கொடுமைக்கு ஆளாகி இருக்கிறார்கள். இந்தியா முழுவதற்கும் இக்கணக்கு 29 தான். படிப்பிலும் வைத்தியத்திலும் முன்னேறிவிட்டோம் என்று மார்தட்டிக் கொள்ளும் நாம், இதிலும் முன்னணியில் இருப்பதற்கு என்ன சமாதானம் சொல்லப் போகிறோம்?

நிற்க, அடிபட்ட உடம்புக் காயம் பத்து நாளில் ஆறிப் போகலாம். மனதில் பட்ட காயமோ அப்படி ஆறுவதில்லை. அடிபட்டவள் இரவில் அலறி எழுந்திருக்கிறாள். கதவுச் சத்தம் கேட்டால் நடுங்குகிறாள். கூப்பிட்டால் பதில் சொல்லாமல் வெறித்துப் பார்க்கிறாள். இதைக் கண்ட நம்மவர்கள் செய்வது என்ன? "பேய் பிடித்துவிட்டது" என்று பூசாரியிடம் இழுத்துப் போகிறார்கள். அவன் உடுக்கை அடித்து, வேப்பிலையால் அடித்து, பிறகு சவுக்காலும் அடிக்கிறான். வீட்டில் புருஷன் அடித்ததால் வந்த நோய்க்குக் கோவிலில் பூசாரி அடிப்பது வைத்தியமாம்! பேய் என்று ஒன்று உண்மையாகவே இருக்குமானால், அது வட்டிக்கடை முதலாளியையும் கோவில் தர்மகர்த்தாவையும் விட்டுவிட்டு, நாதியற்ற மருமகளையே தேடிப் பிடிப்பானேன்? 2001-இல் ஏர்வாடியில், தெய்வ சக்தியால் சித்தம் தெளியும் என்று சங்கிலியில் கட்டி வைக்கப்பட்டிருந்தவர்கள் 28 பேர் தீயில் கருகிச் செத்தார்களே, எந்த தெய்வம் வந்து சங்கிலியை அவிழ்த்தது?

மேல்நாட்டு அறிஞர்கள் இந்த நடுக்கத்தையும் அலறலையும் ஆராய்ந்து பார்த்தார்கள். சண்டையிலிருந்து திரும்பிய சிப்பாய்களிடமும் இதே குறிகள் இருக்கக் கண்டார்கள். 1980-இல் அமெரிக்க மனநோய் வைத்தியர் சங்கம் இதை ஒரு நோயென்று ஒப்புக்கொண்டு பெயரும் கொடுத்தது. ஜூடித் ஹெர்மன் என்னும் அம்மையார் 1992-இல் ஒரு நூல் எழுதி, போர்க்களத்தில் சிப்பாய்க்கு ஏற்படுகிற மனப்புண்ணும், வீட்டில் பெண்ணுக்கு ஏற்படுகிற மனப்புண்ணும் ஒரே ஜாதி என்று எடுத்துக் காட்டினார். இப்புண் ஆறுவதற்கு முதல்படி பத்திரமான இடம் என்பதும் அந்த அம்மையார் சொன்னதே. அப்படியிருக்க, "அனுசரித்துப் போ அம்மா" என்று அடித்தவனிடமே திருப்பி அனுப்புகிற பஞ்சாயத்து, புண்ணிலே மறுபடியும் கத்தியை விடுகிறதா இல்லையா?

கோர்ட்டுகளுக்கும் இந்த அறிவு நெடுநாள் இல்லை. 1972-இல் மகாராஷ்டிரத்தில் ஓர் ஆதிவாசிச் சிறுமி போலீஸ் ஸ்டேஷனில் பலாத்காரத்துக்கு ஆளான வழக்கில், அவள் உடம்பில் காயமில்லை என்பதையும் ஒரு காரணமாக்கி 1978-இல் சுப்ரீம் கோர்ட்டே போலீசாரை விட்டுவிட்டது. அதனால் எழுந்த கிளர்ச்சிக்குப் பிறகே 1983-இல் சட்டம் திருந்தியது. பலாத்காரத்துக்கு ஆளானவர்களில் சிலர் கதறி அழுவார்கள், சிலர் கல்லாய் உட்கார்ந்திருப்பார்கள் என்பதை 1974-லேயே பாஸ்டன் நகர ஆஸ்பத்திரியில் பெண்களை விசாரித்து இரண்டு அம்மைமார்கள் எழுதி வைத்தார்கள். ஆனால் நம் ஊரிலோ, அழாதவள் பொய்க்காரி, அழுதால் நாடகக்காரி!

இதற்கெல்லாம் வேர் எங்கே இருக்கிறது என்று பார்த்தால், வெகுதூரம் போக வேண்டியதில்லை. சிதம்பரத்துப் புராணமே சொல்லும். நடனப் போட்டியில் காளியை ஜெயிக்க முடியாத சிவன் காலைத் தலைக்கு மேல் தூக்கினானாம். பெண்ணாகையால் காளி வெட்கப்பட்டு அப்படிச் செய்யாமல் தோற்றாளாம். தில்லைக்காளி ஊர் எல்லைக்குப் போய்விட்டாளாம்! காலைத் தூக்கினவனுக்குப் பொன்னம்பலம், வெட்கப்பட்டவளுக்கு ஊர்ப்புறம். இந்தக் கதையைப் பக்தியோடு கேட்கிற ஜனங்கள், அவமானம் செய்தவனை விட்டுவிட்டு அவமானப்பட்டவளை ஒதுக்கி வைப்பதில் ஆச்சரியமென்ன? "கற்பழிப்பு" என்ற வார்த்தையைத்தான் பாருங்கள். அக்கிரமம் செய்தவனுக்கு ஒன்றும் அழியவில்லையாம். அகப்பட்டவளுக்குத்தான் ஏதோ அழிந்து போயிற்றாம்!

அதே சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலை நகர் போலீஸ் ஸ்டேஷனில் 1992-இல் நடந்ததை மறக்க முடியாது. விசாரணைக்கென்று பிடித்துப் போன ஒருவர் அங்கேயே மாண்டார். அவருடைய மனைவியைப் போலீசாரே பலாத்காரம் செய்தனர். அந்த அம்மையார் காளியைப்போல் எல்லைக்குப் போகவில்லை. நடந்ததை வெளியே சொன்னார். ஹைகோர்ட்டு வரை போனார். வெட்கம் நமக்கல்ல, செய்தவனுக்கே என்று உலகத்துக்குக் காட்டிய அந்தத் தைரியத்துக்கு முன் ஆயிரம் பதிவிரதைக் கதைகளும் நிற்குமா?

1929-இல் செங்கற்பட்டு சுயமரியாதை மகாநாடு பெண்ணுக்குச் சொத்துரிமையும், பிடிக்காத கல்யாணத்தை ரத்து செய்துகொள்ளும் உரிமையும் கேட்டது. இன்று இரண்டும் சட்டத்தில் இருக்கின்றன. 2005-ஆம் வருஷத்துக் குடும்ப வன்முறைச் சட்டமோ, வார்த்தையால் மனதைப் புண்படுத்துவதையும் கொடுமை என்றே சொல்லுகிறது. 181 என்ற எண்ணுக்கு டெலிபோன் செய்தால் உதவி கேட்கலாம். ஆனால் எத்தனை கிராமத்துப் பெண்களுக்கு இது தெரியும்?

1929-இல் ஏற்பட்ட அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தில் மனோதத்துவம் கற்பிக்கிறார்கள். பக்கத்திலேயே வைத்தியக் கல்லூரியும் இருக்கிறது. மனப்புண்ணைப் பற்றிப் பண்டிதர்கள் எழுதும் ஆராய்ச்சி பட்டத்துக்காக அலமாரியில் தூங்குவதால் யாருக்கு என்ன பிரயோஜனம்? அது தமிழில், கடலூர்க் குப்பத்துக்கும் சிதம்பரத்துச் சேரிக்கும் வரவேண்டும். சுனாமி அடித்த 2004-இல் இக்கரையோரத்து ஜனங்களுக்கு மனத்தேறுதல் சொல்ல ஆட்கள் வந்தார்கள்; நல்லதே. தினந்தோறும் வீட்டுக்குள் அடிக்கிற சுனாமிக்கு மட்டும் ஏன் ஆளில்லை?

ஆகவே தோழர்களே! பக்கத்து வீட்டில் பெண்ணின் அலறல் கேட்டால் "புருஷன் பெண்டாட்டி விவகாரம்" என்று கதவைச் சாத்தாதீர்கள். பேயோட்டுகிறவனை ஊருக்குள் விடாதீர்கள். பெண் வாய் திறந்து சொல்லும்போது முதலில் நம்புங்கள். பிறகு வைத்தியரிடமும் வக்கீலிடமும் அழைத்துப் போங்கள். அடித்தவன் தலை குனிந்தும், அடிபட்டவள் தலை நிமிர்ந்தும் தெருவில் நடக்கும் நாள் எதுவோ, அதுவே பெண்ணுக்குச் சுயமரியாதை வந்த நாளாகும்.