கந்தையும் கணக்கும்

சரித்திரத்தைக் கல்வெட்டிலும் செப்பேட்டிலும் தேடுவது நம் வழக்கம். துணியில் தேடுவோர் மிகச் சிலரே. துணி மக்கிப் போகும் பொருளாதலால் அது இயல்புதான். ஆயினும் ஏழை எளிய குடும்பங்களின் சரித்திரம் ஓரளவேனும் பதிவாகியிருக்குமானால், அது பழந்துணிகளை அடுக்கியோ, இரு துணிகளுக்கிடையே பஞ்சை வைத்தோ கையால் தைத்தெடுக்கும் போர்வைகளிலேதான். இத்தகைய தையற்போர்வைக்கும் கூட்டுறவுக்கும் என்ன சம்பந்தம் என்று அங்கத்தினர்கள் கேட்கலாம். நெருங்கிய சம்பந்தம் உண்டு என்பதும், கரிசற் பூமியிலுள்ள நம் சங்கங்கள் அதைக் கவனியாதிருத்தல் தகாது என்பதும் நம் அபிப்பிராயம்.

நம் பக்கத்து வீடுகளில் பழஞ்சேலையை எறிவதில்லை. நைந்த சேலை முதலில் தூளியாகிறது. பின்னர் நாலாக எட்டாக மடித்துத் தைக்கப்பட்டுக் குழந்தைக்கு விரிப்பாகிறது. கடைசியில் அடுப்படிக் கரித்துணியாகி முடிகிறது. அச்சேலை யார் தறியில் நெய்யப்பட்டது, எந்த விசேஷத்துக்கு எடுக்கப்பட்டது என்னும் செய்தியும் அதனோடு சாம்பலாகிறது. ஓட்டப்பிடாரத்தின் சரித்திரமோ சாமானியமானதன்று. 1872-ஆம் ஆண்டில் இவ்வூரிற் பிறந்த வ. உ. சிதம்பரம் பிள்ளை அவர்கள் தூத்துக்குடியில் தர்ம சங்க நெசவுச் சாலையை நிறுவினார். 1906-இல் பங்கு ஒன்றுக்கு 25 ரூபாயாக 40,000 பங்குகளால் 10 லட்சம் ரூபாய் மூலதனம் திரட்டும் திட்டத்தோடு சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். 1908-இல் கோரல் ஆலைத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்துக்குத் துணை நின்றார். கப்பலின் கதை பள்ளிப் பாடமாயிற்று. வேலைநிறுத்தம் நடந்த நாட்களில் ஓர் ஆலைத் தொழிலாளியின் மனைவி எந்தத் துணியைப் போர்த்தித் தன் பிள்ளையை உறங்க வைத்தாள் என்பது எந்தப் பாடத்திலும் இல்லை.

வங்காளத்தில் இந்த வேலைக்கு ‘காந்தா’ என்று பெயர். நம் ‘கந்தை’ என்னும் சொல்லுக்கு உறவுடைய பெயர் அது. பழஞ்சேலைகளை அடுக்கி, சேலைக் கரையிலிருந்தே நூலை உருவி, ஓட்டுத் தையலால் உருவங்களைத் தைப்பார்கள். தாமரையும் தேரும் மட்டுமன்றி, ஆங்கிலேயர் காலத்துச் சிப்பாய்களும் துரைமார்களும் அப்போர்வைகளில் இடம்பெற்றிருக்கிறார்கள். பீகாரில் ‘சுஜனி’ என்பது இதே வகை. அங்கே முசாபர்பூர் ஜில்லா பூசுரா கிராமத்துப் பெண்கள் 1988 முதல் சங்கமாகக் கூடி, வரதட்சிணைக் கொடுமை, பெண் கல்வி, தேர்தல் முதலான நடப்பு விஷயங்களையே தையலில் வரைகிறார்கள். 2006-இல் சுஜனிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. எழுத்தறியாதவர்களும் தம் காலத்தைக் குறித்து அபிப்பிராயம் சொல்ல ஊசி ஒரு கருவியாயிற்று.

எனினும் நமக்கு மிகவும் படிப்பினையாக இருப்பது கடல் கடந்த ஓர் ஊர். அமெரிக்காவின் அலபாமா மாகாணத்தில் நம் பூமியைப் போலவே கருமண் நிறைந்த ஒரு பருத்திப் பிரதேசம் உண்டு. மண்ணின் நிறத்தாலேயே அதற்குக் ‘கறுப்பு வட்டாரம்’ என்று பெயர் வந்தது. 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தால் அம்மாகாணங்களின் பஞ்சு லங்காஷயர் ஆலைகளுக்குப் போவது தடைப்பட்டபோது, நம் திருநெல்வேலிப் பஞ்சின் விலை ஏறியது. யுத்தம் முடிந்ததும் விலை வீழ்ந்தது. அங்கே அடிமை முறை ஒழிந்தது. ஆனால் விடுதலை பெற்றவர்கள் வாரக் குடிகளாகி, நிலச்சுவான்தாருக்கும் கடன் கொடுத்த வியாபாரிக்கும் கட்டுப்பட்டே வாழ்ந்தனர்.

அப்பிரதேசத்தில், அலபாமா ஆற்றின் வளைவுக்குள் அமைந்த கிராமம் ஜீஸ் பெண்ட். கடன் கொடுத்து வந்த வியாபாரி ஒருவர் இறந்ததும், 1932-இல் அவருடைய குடும்பத்தார் கடனுக்கு ஈடாக அறுபது குடும்பங்களுக்கு மேல் வைத்திருந்த கால்நடை, கலப்பை, தானியம் யாவற்றையும் அள்ளிச் சென்றனர். செஞ்சிலுவைச் சங்கம் அனுப்பிய உணவே அம்மக்களைக் காத்தது. கூட்டுறவுக் கடன் சங்கம் எதற்கு என்று கேட்போருக்கு இதைவிடத் தெளிவான மறுமொழி வேண்டியதில்லை. அவ்வீடுகளின் பெண்கள் கிழிந்த வேலைத் துணிகளையும் மாவுச் சாக்குகளையும் வெட்டி, சுவரிடுக்கில் நுழையும் குளிரைத் தடுக்கப் போர்வை தைத்தார்கள். 1942-இல் மிசூரி பெட்வே என்னும் அம்மையார், காலமான தம் கணவருடைய வேலைத் துணிகளைக் கொண்டு ஒரு போர்வை தைத்தார். முழங்கால் தேய்ந்த துணியும் வெயிலில் வெளிறிய துணியும் சேர்ந்த அப்போர்வை, ஓர் உழவனின் உழைப்புச் சரித்திரமாகவே நிற்கிறது.

அவ்வூர் அடங்கிய வில்காக்ஸ் ஜில்லாவில் கறுப்பின மக்களே பெரும்பான்மையோர். ஆயினும் 1965-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர்களுள் ஒருவர் பெயரும் வாக்காளர் பட்டியலில் இல்லை. பெயரைப் பதிய முயன்றவர்கள் குடியிருந்த நிலத்தினின்றும் வெளியேற்றப்பட்டனர். இந்நிலையில் 1966 மார்ச்சு மாதம் அறுபதுக்கு மேற்பட்ட பெண்கள் கூடி ‘பிரீடம் குவில்டிங் பீ’ என்னும் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார்கள். ‘சுதந்திரத் தையற் கூட்டம்’ என்பது அதன் பொருள். பிரான்சிஸ் வால்ட்டர் என்னும் பாதிரியார் போர்வை ஒன்றுக்குப் பத்து டாலர் வீதம் கொடுத்துச் சேகரித்து, நியூயார்க்கில் ஏலமிட வழி செய்தார். எஸ்டெல் விதர்ஸ்பூன் அம்மையார் சங்கத்தின் நிர்வாகத்தை ஏற்றார். 1969-இல் சங்கம் 23 ஏக்கர் நிலம் வாங்கியது. அதில் தையற்கூடம் எழுந்தது. அதனினும் முக்கியமாக, வாக்குரிமை கேட்டதற்காக வீடிழந்த குடும்பங்களுக்கு அந்நிலத்திலேயே மனைகள் விற்கப்பட்டன. போர்வையில் வந்த பணம் வாக்குரிமைக்குக் காவலாயிற்று. தையற்போர்வை சரித்திரத்தைச் சொல்வது ஒரு புறம். இங்கே அது சரித்திரத்தை நடத்தியது.

பின்னர் நடந்ததையும் மறைக்காமற் சொல்ல வேண்டும். 1972 முதல் சியர்ஸ் கம்பெனிக்குத் தலையணை உறைகள் தைத்துக் கொடுக்கும் ஒப்பந்தம் கிடைத்தது. நிலையான வருமானம் வந்தது. ஆனால் அங்கத்தினர்கள் பெரும்பாலும் பிறர் சொன்ன மாதிரியைத் தைப்பவர்களாயினர். நாளடைவில் மூத்தோர் குறைந்தனர், இளையோர் வரவில்லை, 2012-இல் சங்கம் மூடப்பட்டது. இதற்கிடையே, 2002-இல் ஜீஸ் பெண்ட் போர்வைகள் ஹூஸ்டன், நியூயார்க் நகரங்களின் பொருட்காட்சிச் சாலைகளில் வைக்கப்பட்டுப் பெரும் புகழ் பெற்றன. 2006-இல் அவற்றின் படத்தோடு தபால் தலைகளும் வெளிவந்தன. மறு ஆண்டே, தங்கள் போர்வைகளாலும் மாதிரிகளாலும் வந்த வருவாயில் தங்களுக்கு உரிய பங்கு சேரவில்லை என்று தைத்தவர்களுட் சிலர் நீதிமன்றம் சென்றனர். 2008-இல் அவ்வழக்குகள் சமரசமாக முடிந்தன. புகழ் வரும் நாளில் கணக்குப் புத்தகம் தைத்தவர் கையில் இல்லாவிடின் என்ன நேரும் என்பதற்கு இது சான்று.

நம் நிலைமைக்கு வருவோம். கரிசற் காட்டின் கருங்கண்ணிப் பருத்தி ஒரு காலத்தில் பிரசித்தி பெற்றிருந்தது. கோவில்பட்டியில் 1901-இலேயே விவசாய ஆராய்ச்சிப் பண்ணை ஏற்பட்டதும் இப்பூமியின் பருத்திச் சிறப்பை உணர்த்தும். ஆனால் இன்றைய ஆலைகள் விரும்பும் நீண்ட இழை கருங்கண்ணிக்கு இல்லை. காடுகளில் மக்காச்சோளமும் உளுந்தும் பாசியும் பரவிவிட்டன. நூற்புக்கு ஏலாத இழையும் போர்வைக்குள் வைக்க ஏலும். நெசவாளர் சங்கங்களிலோ வெட்டுத் துணியும் கழிவு நூலும் மூலையிற் கிடக்கின்றன. பயிரிடுவோரும் நெய்வோரும் தைப்போரும் ஒரே வட்டாரத்தில் இருந்தும், மூவரையும் சேர்க்கும் ஏற்பாடு இல்லை.

‘பானிப்பட்டில் இயந்திரத்தில் செய்த போர்வை சொற்ப விலைக்குக் கிடைக்கையில் கைத்தையலை யார் வாங்குவார்?’ என்பது நிர்வாகஸ்தர்கள் எழுப்பக்கூடிய ஆட்சேபம். நியாயமான ஆட்சேபமே. விலையில் இயந்திரத்தோடு போட்டியிட முனைந்தால் நாம் தோற்பது நிச்சயம். ஆகையால் கடன் வாங்கிக் கட்டடம் எழுப்பித் தொடங்கலாகாது. கையில் ஆர்டர் வந்தபின், பத்துப் பேரோடு தொடங்குக. அத்துடன் மூன்று விதிகளை முதல் நாளே தீர்மானமாக எழுதிவிட வேண்டும்.

முதலாவது, தைப்பவர் தம் பெயரிலேயே அங்கத்தினராதல் வேண்டும். பதிவேட்டில் கணவர் பெயரும் ஊசியில் மனைவியின் விரலுமாக இருக்கும் நிலை கூடாது. இரண்டாவது, தையற்கூலியை மணிக் கணக்கில் குறிக்க வேண்டும். உதாரணமாக, ஒரு போர்வைக்கு 60 மணி நேரமும், மணிக்கு 50 ரூபாயும் என்று வைத்தால் கூலி மட்டும் 3,000 ரூபாய் ஆகிறது. துணியும் பஞ்சும் சங்கச் செலவும் அதற்கு மேல். இந்தக் கணக்கை எழுதிப் பாராமல் ‘பொழுதுபோக்கு வேலைதானே’ என்று 500 ரூபாய்க்கு விற்பது, நம் சகோதரிகளின் உழைப்பை நாமே அபகரிப்பதாகும். மூன்றாவது, ஒவ்வொரு போர்வையிலும் தைத்தவர் பெயர், ஊர், ஆண்டு, துணி வந்த விதம் ஆகியவற்றைத் துணித்துண்டில் எழுதித் தைத்துவிட வேண்டும். அதன் நகல் சங்கப் பதிவேட்டில் இருக்கட்டும். மாதிரியின் உரிமை சங்கத்துக்கும் தைத்தவருக்குமே உரியது என்பதும் அங்கே பதிவாகட்டும்.

இவ்விதிகளுக்குச் செலவு ஒரு பேரேடும் ஒரு பேனாவுமே. வருகிற பொதுச் சபைக் கூட்டத்தில் இவ்விஷயத்தை நிகழ்ச்சி நிரலில் சேர்த்து, வீட்டுப் பெண்களையும் அழைத்து ஆலோசிக்குமாறு சங்கத் தலைவர்களைக் கேட்டுக்கொள்ளுகிறோம். போர்வை விற்பனையாகத் தாமதமானாலும் பெயர்களை எழுதுவதற்குத் தாமதம் வேண்டாம்.