கத்திக்கும் ஓர் உறைவிடம் வேண்டும்

மாடித் தோட்டமோ கொல்லையில் நாலு மரமோ வைத்திருக்கும் நம் வயதுக்காரர்கள் வீட்டில் கட்டாயம் ஒரு கத்தி இருக்கும். கொல்லன் பட்டறையில் அடித்து, மரப்பிடி போட்டது. முருங்கைக் கிளை கழிக்க, வாழை இலை அறுக்க, கயிறு வெட்ட எல்லாவற்றுக்கும் அதுதான். வேலை முடிந்ததும் பழைய செய்தித்தாளில் சுற்றிப் பையில் போட்டுவிடுகிறோம். அது போதாது, உறை வேண்டும், அதையும் நாமே செய்துகொள்ளலாம் என்பது என் கட்சி.

முனை தாளைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருப்பது, பைக்குள் கை விட்டவருக்குத்தான் தெரியும். அந்தக் கை விதைப் பொட்டலம் தேடும் பேரப்பிள்ளையுடையதாக இருக்கலாம். வீட்டு வேலைக்கு வரும் அம்மாளுடையதாக இருக்கலாம். நம் கையாகவே இருந்தாலும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சின்னக் கீறல்கூட லேசில் நிற்காது.

"கடையில் வாங்கினால் போச்சு" என்பீர்கள். பிரான்சிலிருந்து வரும் உறவினர் தரும் ஒப்பினேல் மடக்குக் கத்திக்குக் கைப்பிடியே உறை. பட்டறைக் கத்தி அப்படியில்லை. ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காது. அதற்கு அளவெடுத்து உறை விற்பவர் யார்? தோலில் தைத்தால், நம் கடற்காற்றில் தோல் ஈரத்தைப் பிடித்து இரும்பைத் துருவேற்றும்.

ஆகவே பிளாஸ்டிக்தான். வெளிநாடுகளில் கைடெக்ஸ் என்ற தகட்டைச் சூடாக்கி, மடித்து, ரிவெட் அடிக்கிறார்கள். முதன்முதலாகச் செய்கிறவருக்கு அவ்வளவு வேண்டாம். பிளம்பர் விட்டுப்போன பி.வி.சி. குழாய்த் துண்டு போதும். குழாயில் மூட்டு கிடையாது; ஒட்டும் வேலையும் இல்லை, ரிவெட்டும் இல்லை.

குழாயை அமுக்கித் தட்டையாக்கினால் அகலம் அதன் வெளிவிட்டத்தைப் போல் ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல் வரும். 25 மி.மீ. குழாய் சுமார் 39 மி.மீ. ஆகும், 30 மி.மீ. அகலக் கத்திக்குச் சரியாக இருக்கும். அலகைவிட இரண்டு விரற்கடை கூட்டி அறுத்துக்கொள்ளுங்கள்.

அச்சுக்குக் கத்தியையே வைக்காதீர்கள். அலகின் வடிவில், அதைவிட மயிரிழை தடிப்பாக ஒரு மரச்சட்டத்தைச் சீவிக்கொள்ளுங்கள். பி.வி.சி. 80 டிகிரி வாக்கில் இளகத் தொடங்கும். கொதிக்கும் தண்ணீரில் சில நிமிடம் போதும். நெருப்பில் நேரே காட்ட வேண்டாம். கருகினால் மூச்சை அடைக்கும் அமில வாயு வரும். இளகிய குழாயை இடுக்கியால் எடுத்து, சட்டத்தை நுழைத்து, இரண்டு பலகைக்கு நடுவே வைத்து, ஆறும்வரை பாரம் ஏற்றுங்கள். நுனியை நசுக்கி மூடும்போது தண்ணீர் வடிய ஒரு சிறு துளை விடுங்கள். பிடிப்பு போதாவிட்டால் வாய்ப்பக்கத்தை மட்டும் மறுபடி சூடாக்கி லேசாக அமுக்கலாம். கோணிப்போனால் திரும்பக் கொதிநீரில் போடுங்கள். பழையபடி உருண்டைக்குத் திரும்பப் பார்க்கும். கையெழுத்தான அரசாங்கக் கோப்பில்கூட இந்த வசதி கிடையாது.

சில எச்சரிக்கைகள். பழைய பி.வி.சி. குழாய்களில் ஈயம் கலந்த சேர்மானம் உண்டு. அதைக் கட்டுப்படுத்த மத்திய அரசு விதிகள் கொண்டுவந்ததே 2021இல்தான். ஆகவே இந்த உறை தோட்டக் கத்திக்கு மட்டும். குசினிக் கத்திக்கு வேண்டாம். தண்ணீர் கொதிக்க வைக்கும் பாத்திரமும் இனிமேல் சமையலுக்கு ஆகாததாக இருக்கட்டும். அரம் போடும்போது தூள் பறக்காமல் நனைத்துக்கொள்ளுங்கள். அடுப்போரத்திலோ வெயிலில் நிறுத்திய காரிலோ உறையை வைத்தால் நெளியும். வளைந்த அரிவாளுக்கு இந்த முறை சரிவராது.

"இந்த வயதில் இதெல்லாம் எதற்கு?" என்று வீட்டில் கேட்பார்கள். கத்தியைப் பிடிக்கும் வயது நமக்கு இருக்கிறதென்றால், அதற்கு உறை போடும் வயதும் இருக்கிறது. முதல் உறை அழகாக வராது. வர வேண்டியதும் இல்லை. நாம் தங்கும் இடத்தை உறைவிடம் என்கிறோம். நம்மோடு ஒரே வீட்டில் இருக்கும் கத்திக்கும் ஒன்றைக் கொடுத்துவிட்டால், அந்தப் பைக்குள் யார் வேண்டுமானாலும் பயமில்லாமல் கை விடலாம்.