மருந்து கேனில் குடிதண்ணீரா?

தோட்டத்தில் தெளிக்கிற நஞ்சுக்கு நாம் வைத்திருக்கும் பெயர் 'மருந்து'. "இன்றைக்கு மருந்தடி", "மருந்து பம்பு", "மருந்து கேன்" என்றுதான் ஏலத்தோட்டத்திலும் மாந்தோப்பிலும் பேசிக்கொள்கிறோம். நோய் தீர்க்கும் பொருளுக்கு நம் முன்னோர் வைத்த நல்ல பெயரை உயிர் குடிக்கும் பொருளுக்குச் சூட்டிவிட்டோம். பெயர் நல்லதாக இருப்பதாலோ என்னவோ, அதன் காலி கேன் கூச்சமில்லாமல் நம் அடுப்படிவரை வந்துவிடுகிறது.

உடும்பன்சோலை, பீர்மேடு பகுதி லயங்களில் குடியிருப்பவர்களும், போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக நாள்தோறும் ஜீப்பில் ஏறிப் போய் இருட்டியபின் இறங்கி வருகிறவர்களும், முதலமடை, கொல்லங்கோடு பக்கம் மாந்தோப்புகளில் கூலி பார்ப்பவர்களும் இதைப் படிக்கிறீர்கள். உங்களிடம் நாம் கேட்பது ஒன்றுதான். தோட்டத்து விஷம் நம் வீட்டுக்குள் எந்த வழியாக வருகிறது? அந்த வழியை அடைக்க வேண்டியவர் யார்?

வழிகள் மூன்று: சாக்கு, கேன், உடுத்திய துணி.

முதலில் சாக்கு. 1958ஆம் ஆண்டு கேரளத்திலும் அன்றைய சென்னை மாநிலத்திலும் கோதுமை மாவு சாப்பிட்ட ஏழை எளியவர்கள் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். பாரத்தியான் என்ற பூச்சிக்கொல்லி உணவுப் பொருளோடு ஒரே கப்பலில் ஏற்றி வரப்பட்டு, ஒழுகி, மாவில் கலந்திருந்தது. இந்தக் கொடுமைக்குப் பிறகுதான் நீதிபதி ஷா தலைமையில் விசாரணை நடந்தது. அதன் தொடர்ச்சியாக 1968இல் பூச்சிக்கொல்லிச் சட்டம் வந்தது. இந்தியா முழுவதற்குமான அந்தச் சட்டம் நம் இரு மாநிலத்து ஏழைகளின் பிணங்களின்மேல் எழுந்த சட்டம் என்பதை நாம் மறக்கக் கூடாது.

அடுத்தது கேன். 2013 ஜூலையில் பீகார் மாநிலம் சாரன் மாவட்டத்தில் ஒரு கிராமப் பள்ளியில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் செத்துப்போனார்கள். மோனோகுரோட்டோபாஸ் இருந்த கேனில் வைத்த எண்ணெயில் சமையல் செய்ததே காரணம் என்று தெரியவந்தது. கேனைக் கழுவிவிட்டால் போதும் என்று நினைக்கிறோம். பிளாஸ்டிக் விஷத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். மூன்று முறை கழுவினாலும் அது குடிதண்ணீருக்கோ எண்ணெய்க்கோ மண்ணெண்ணெய்க்கோ ஆகாது.

மூன்றாவது துணி. இதுதான் நாள்தோறும் நடப்பது, செய்தித்தாளில் வராதது. மருந்தடித்த கையோடு, நனைந்த சட்டையோடு ஜீப்பில் நெருக்கி உட்கார்ந்து வருகிறோம். வாசலில் ஓடி வரும் பிள்ளையை அதே சட்டையோடு தூக்குகிறோம். பிறகு அந்தச் சட்டை பிள்ளையின் பள்ளிச் சீருடையோடு ஒரே வாளியில் ஊறுகிறது. அதைத் துவைப்பவள் தோட்டத்தில் பம்பைத் தொட்டதே இல்லாதவளாக இருக்கலாம். விஷத்துக்கு அந்தக் கணக்கு தெரியாது. அது தோல் வழியாகவே உடம்பில் ஏறும்.

"இத்தனை வருஷமாக அடிக்கிறோம், எங்களுக்கு என்ன ஆகிவிட்டது?" என்று கேட்கும் மூத்தவர்கள் நம்மிடையே உண்டு. விழுந்து செத்தால்தான் விஷம் என்பதில்லை. தலைச்சுற்றல், குமட்டல், ஓயாத வியர்வை, கண் மங்கல் இவற்றை வெயில் என்றும் பித்தம் என்றும் சொல்லிக் கடந்துவிடுகிறோம். பெரியவர் தாங்குகிற அளவைக் குழந்தையின் சிறிய உடம்பு தாங்காது. காசர்கோட்டில் முந்திரித் தோட்டங்களின்மேல் ஆண்டுக் கணக்கில் ஹெலிகாப்டரில் எண்டோசல்ஃபான் தெளித்தார்கள். அப்போது அது அனுமதி பெற்ற மருந்துதான்! 2011 மே மாதம் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் அதைத் தடை செய்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு ஆளுக்கு 5 லட்சம் ரூபாய் கொடுக்கும்படி 2017இல் கேரள அரசுக்கு உத்தரவிட்டது. நம் முதலமடை மாந்தோப்புகளிலும் அதே எண்டோசல்ஃபான் அடிக்கப்பட்டதுதான். இன்று அனுமதி இருக்கிறது என்பதற்காக நாளைக்கும் அது தீங்கற்றது என்று யாரும் நமக்கு எழுதித் தரவில்லை.

ஆகவே, இன்றிரவே நாம் செய்யக்கூடியவை சில உண்டு. செலவு ஒரு கட்டி சோப்புதான். மருந்தடித்த துணியை வீட்டுக்கு வெளியே கழற்றித் தனி வாளியில் போடுங்கள். கையுறை மாட்டி, வெந்நீரும் சோப்பும் போட்டுத் தனியாகத் துவைத்து வெயிலில் காயப்போடுங்கள். அந்தத் தண்ணீர் கிணற்றுப் பக்கமோ ஓடைப் பக்கமோ போகக் கூடாது. குளித்த பிறகே பிள்ளையைத் தொடுங்கள், சோற்றில் கை வையுங்கள். காலிக் கேனும் உரச்சாக்கும் வீட்டுப் படி ஏறக் கூடாது. மீந்த மருந்தைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றிக் கொண்டுவரவே வேண்டாம். தாகத்தில் எடுத்துக் குடிக்கும் குழந்தைக்கு வித்தியாசம் தெரியாது. தோட்டத்து மருந்தைத் தலைப்பேனுக்கும் மூட்டைப்பூச்சிக்கும் போடும் வழக்கத்தை இன்றோடு விட்டொழிப்போம். அது குழந்தையின் தலையில் கொள்ளி வைப்பதற்குச் சமம்.

கேனில் ஒட்டியுள்ள தாளில் ஒரு கட்டத்துக்குள் நிறமிட்ட முக்கோணம் இருக்கும். சிவப்பு மிகக் கொடிய விஷம், மஞ்சள் அதற்கு அடுத்தது, நீலம் அதற்கும் அடுத்தது, பச்சை குறைந்தது. குறைந்தது என்றால் விஷமில்லை என்று பொருளல்ல. எழுத்து தெரியாதவர்களுக்கும் இந்த நிறங்களைச் சொல்லிக் கொடுங்கள். யாருக்காவது வாயில் நுரை தள்ளி, கண்மணி சுருங்கி, மூச்சு திணறினால் உடனே துணியைக் கழற்றி, உடம்பைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். கேனின் லேபிளையும் கையோடு எடுத்துப் போங்கள். உப்புக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள்.

ஆனால் இவ்வளவையும் சொல்லிவிட்டு, "பெண்களே, சுத்தமாக இருங்கள்" என்று முடித்துக்கொண்டால் அது முதலாளிமாருக்கு நாம் செய்யும் ஊழியமாகிவிடும். வீட்டு வாசலில் விஷத்தைத் தடுப்பது கடைசிக் காவல். முதல் காவல் தோட்டத்தில் இருக்க வேண்டும். அதைச் சட்டமே சொல்கிறது. 1971ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லி விதிகளின்படி, மருந்தைக் கையாளும் தொழிலாளிக்குக் காப்பு உடையும் மூச்சுக் காப்பும் கொடுக்க வேண்டும். பயிற்சி தர வேண்டும். மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும். காலிக் கேன்களை யாரும் மறுபடி எடுத்துப் பயன்படுத்தாதபடி உடைத்து, குடியிருப்புக்கு அப்பால் புதைக்க வேண்டும். இது ஏலத்துக்கும் பொருந்தும், மாவுக்கும் பொருந்தும். தோட்டத் தொழிலாளர் சட்டத்தில் 2010இல் செய்த திருத்தம் இன்னும் ஒரு படி மேலே போய், கழுவவும் குளிக்கவும் உடை மாற்றவும் வசதி செய்வது முதலாளியின் கடமை என்றது. அந்தச் சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த பணிப் பாதுகாப்புத் தொகுப்பும் பூச்சிக்கொல்லி விஷயத்தில் தோட்டத் தொழிலாளியின் பாதுகாப்பை முதலாளியின் பொறுப்பிலேயே வைத்திருக்கிறது.

வேலை முடிந்ததும் தோட்டத்திலேயே குளிக்க ஒரு குழாய், ஒரு சோப்பு, உடை மாற்ற ஒரு மறைவிடம். இவை இருந்தால் நம் பிள்ளைகளின் சீருடையில் விஷம் ஏறுமா? ஏலக்காய் உலர்த்த ஸ்டோர் கட்டுகிறவர்களால் குளியலறை கட்ட முடியாதா?

"கையுறை கொடுத்தாலும் போடமாட்டார்கள்" என்பது நிர்வாகத்தின் பழைய பாட்டு. கிழிந்த கையுறையையும், நண்பகல் வெயிலில் மூச்சு முட்டும் முகமூடியையும் கொடுத்துவிட்டு இப்படிப் பேசுவது நியாயமா? அளவுக்கேற்ற உடை கொடுக்கட்டும்; வெயில் தாழ்ந்த வேளையில் தெளிக்கச் சொல்லட்டும்; பிறகு பேசட்டும்.

தனியாளாகக் கேட்டால் மறுநாள் ஜீப்பில் இடமிருக்காது. இந்தப் பயம் பொய்யல்ல, நாமறிந்ததே. அதனால்தான் சேர்ந்து கேட்க வேண்டும் என்கிறோம். ஒரு ஜீப்பில் வரும் அத்தனை பேரும் ஒரே தாளில் கையெழுத்திடுங்கள். மலையாளத்தில் எழுதத் தெரியவில்லையே என்று தயங்க வேண்டாம். தமிழ்ச் சிறுபான்மையினர் அரசோடு தமிழிலேயே எழுத்துத் தொடர்பு வைத்துக்கொள்ளும் உரிமையை 1969ஆம் ஆண்டு கேரள ஆட்சிமொழிச் சட்டம் ஏற்றிருக்கிறது. கிருஷி பவனுக்கும் தொழில்துறை அதிகாரிக்கும் தமிழிலேயே எழுதுங்கள். தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் வட்டங்களில் விற்கும் கேன்களில் எச்சரிக்கை தமிழிலும் இருக்க வேண்டும் என்று கேளுங்கள். படிக்க முடியாத எச்சரிக்கை யாருக்கு எச்சரிக்கை?

1958இல் மாண்டவர்களுக்குத் தாங்கள் உண்பது விஷம் என்று தெரியாது. நமக்குத் தெரியும். தெரிந்த பின்னும் அந்தக் கேனில் தண்ணீர் பிடித்து வைப்பதும், தெரிந்த பின்னும் அந்தக் குழாயைக் கேட்காமல் இருப்பதும் நம் பிள்ளைகளுக்கு நாமே செய்யும் துரோகம். கேனை இன்றே வெளியே எறியுங்கள். குழாயை நாளையே கேளுங்கள்.