குப்பை வண்டிகளும் மாற்று எரிபொருளும்

2022ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் எரிபொருள் நிரப்பு நிலையங்களின் முன்னால் நாட்கணக்கில் காத்து நின்றதை எமது மக்கள் இலகுவில் மறந்துவிட மாட்டார்கள். ஆனால் அதே நாட்களில் வீட்டு வாயில்களிலும் சந்தைகளின் பின்புறத்திலும் தேங்கிக் கிடந்த குப்பைகளை இன்று எவரும் நினைவுகூர்வதாகத் தெரியவில்லை. டீசல் இல்லாத காரணத்தினால் பல உள்ளூராட்சி மன்றங்கள் கழிவகற்றலைக் குறைத்துக்கொண்டன. பெற்றோலியக் கூட்டுத்தாபனம் அவ்வாண்டு பெப்ரவரியில் லீற்றர் ஒன்று 121 ரூபாவுக்கு விற்ற ஒட்டோ டீசல், ஜூன் இறுதியில் 460 ரூபாவை எட்டியது. 121 ரூபாவைக் கணக்கிட்டு வரவு செலவுத் திட்டம் தயாரித்த சபையொன்று, நான்கே மாதங்களில் வந்த இந்த மாற்றத்தை எவ்வாறு தாங்கியிருக்க முடியும்?

அந்த நெருக்கடியிலிருந்து உள்ளூராட்சி மன்றங்கள் பாடம் கற்றிருக்கலாம். ஆனால் கற்பதற்கு மன்றங்களே இருக்கவில்லை. 2023 மார்ச் 19ஆம் திகதியுடன் அவற்றின் பதவிக்காலம் முடிவடைந்தது. தேர்தல் பிற்போடப்பட்டது. 2025 மே 6ஆம் திகதி தேர்தல் நடைபெறும் வரை இரண்டு வருடங்களுக்கு மேலாக அதிகாரிகளே நிர்வாகத்தைக் கொண்டு நடத்தினர். வாகன இறக்குமதிக்கு 2020 மார்ச்சில் விதிக்கப்பட்ட கட்டுப்பாடு தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே தளர்த்தப்பட்டது. ஆகவே புதிதாகத் தெரிவான உறுப்பினர்கள் சபையின் வாகனத் தரிப்பிடத்தில் கண்டது வயது முதிர்ந்த உழவு இயந்திரங்களையும் லொறிகளையும்தான். இவற்றுக்குப் பதிலாக வாங்கப்படுவது எதுவாயினும் அது பதினைந்து, இருபது வருடங்கள் ஓடப்போகின்றது. எமது சபைகளின் வழமை அதுவே. எனவே எந்த எரிபொருளில் ஓடும் வாகனத்தை வாங்குவது என்ற கேள்வி, வாங்கிய பின்னர் எழுப்பக்கூடிய ஒன்றல்ல.

இவ்விடயத்தில் அயல் நாட்டின் அனுபவம் ஒன்று கவனத்திற்குரியது. டில்லி மாநகரின் பஸ்கள் அனைத்தும் 2001 மார்ச் 31ஆம் திகதிக்குள் அமுக்கப்பட்ட இயற்கை வாயுவுக்கு மாற்றப்பட வேண்டுமென இந்திய உச்ச நீதிமன்றம் 1998 ஜூலை 28ஆம் திகதி உத்தரவிட்டது. அப்போது ஒன்பதாக இருந்த வாயு நிரப்பு நிலையங்களை 2000 மார்ச் மாதத்துக்குள் எண்பதாக உயர்த்த வேண்டும் எனவும் அதே உத்தரவு கூறியது. நீதிமன்றம் வண்டியையும் எரிபொருளையும் சேர்த்தே சிந்தித்தது. நிர்வாகம் அவ்வாறு சிந்திக்கவில்லை. கெடு நெருங்கியபோது போதிய பஸ்களும் இருக்கவில்லை, போதிய வாயுவும் இருக்கவில்லை. முச்சக்கர வண்டிச் சாரதிகளும் பஸ் சாரதிகளும் வாயு நிரப்புவதற்கு மணிக்கணக்கில் வரிசையில் நின்றனர். பயணிகள் தரிப்பிடங்களில் தவித்தனர். கெடு மீண்டும் மீண்டும் நீடிக்கப்பட்டது. ஈற்றில் 2002 ஏப்ரலில், தொடர்ந்து ஓடும் டீசல் பஸ் ஒன்றுக்கு நாளொன்றுக்கு 500 ரூபா வீதமும் முப்பது நாட்களின் பின்னர் 1,000 ரூபா வீதமும் அறவிடுமாறு நீதிமன்றம் பணித்த பின்னரே காரியம் நகர்ந்தது. அவ்வருட இறுதியில் டீசல் நகர பஸ்கள் டில்லி வீதிகளிலிருந்து அகன்றன. (வாகனங்கள் பெருகியதால் டில்லியின் வளி பின்னர் மீண்டும் நஞ்சானது என்பது வேறு கதை.)

டில்லி தெரிவு செய்த வாயு எமக்குரியதல்ல. மன்னார்க் கடற்படுகையில் 2011ஆம் ஆண்டு இயற்கை வாயு கண்டறியப்பட்டபோது எழுந்த ஆரவாரம் பலருக்கு நினைவிருக்கும். அந்த வாயு கடலடியிலேயே கிடக்கின்றது. அதை நம்பி வாகனம் வாங்க முடியாது. எஞ்சியிருப்பது மின்சாரம். மின்சாரம் என்றவுடன் 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலங்கள் இருளில் இருந்த மக்கள் சிரிக்கக்கூடும். இரவில் மின்னேற்றினால் அது நுரைச்சோலை நிலக்கரியையும் அனல்மின் நிலையங்களின் எண்ணெயையும் வேறொரு வழியில் எரிப்பதாகவே பெருமளவில் அமையும் என்ற வாதத்திலும் நியாயம் இல்லாமலில்லை.

ஆனால் பகல் நேரக் கணக்கு வேறு. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், ஏப்ரல் 13 முதல் 21 வரை, கூரைகளில் பொருத்தப்பட்ட சூரிய மின் தொகுதிகளைப் பிற்பகல் 3 மணி வரை நிறுத்தி வைக்குமாறு மின்சார சபை உரிமையாளர்களைக் கேட்டுக்கொண்டது. தொழிற்சாலைகள் மூடியிருந்ததால் மின்சாரத்தைப் பாவிக்க ஆளில்லை. மிகை மின்சாரம் தேசிய மின்கட்டமைப்பைக் குலைத்துவிடும் என்ற அச்சம் இருந்தது. மூன்று வருடங்களுக்கு முன்னர் மின்சாரத்துக்காக ஏங்கிய நாடு, நண்பகல் வெயிலை வேண்டாமென்று திருப்பி அனுப்பிய விந்தை இது!

குப்பை வண்டியின் நாளாந்த வேலையை இதனருகே வைத்துப் பார்ப்போம். அது பொதுவாக அதிகாலையில் புறப்பட்டு, மதியத்துக்கு முன்னரோ சற்றுப் பின்னரோ ஓட்டத்தை முடித்துத் தரிப்பிடத்துக்குத் திரும்புகின்றது. வெயில் உச்சத்தில் இருக்கும் நேரத்தில் அது சும்மா நிற்கின்றது. அதன் பாதை நாள்தோறும் ஒன்றே, வேகம் குறைவு, வீட்டுக்கு வீடு நின்று நின்று செல்வதால் டீசல் இயந்திரம் வீணே எரிந்துகொண்டிருக்கும். மின்சார வாகனமோ நிற்கும்போது எதையும் எரிப்பதில்லை. சபைக் கட்டடத்தின் கூரையும் சந்தைக் கட்டடத்தின் கூரையும் சபைக்கே சொந்தமானவை. வேறெந்த அரச வாகனத்துக்கும் இத்தனை பொருத்தங்கள் ஒருங்கே அமையுமா என்பது சந்தேகமே. டீசலைக் குழாய் வைத்து உறிஞ்சிக் கலனில் கொண்டு செல்வது போல மின்சாரத்தைக் கொண்டு செல்லவும் முடியாது.

அந்த வண்டியின் பின்னால் தொங்கிச் செல்லும் சுகாதாரத் தொழிலாளியைப் பற்றியும் இங்கு சொல்லியாக வேண்டும். உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2012 ஜூனில் டீசல் புகையைப் புற்றுநோயை உண்டாக்கும் காரணிகளின் முதலாம் வகுதியில் சேர்த்தது. குப்பையின் நாற்றத்துக்கும் கிருமிக்கும் மேலதிகமாக அப்புகையையும் வருடக்கணக்கில் சுவாசிப்பவர்கள் இவர்கள். கையுறையையும் காலணியையும்கூடக் கேட்டுப் பெற வேண்டிய நிலையிலுள்ள இவர்களின் சுவாசப்பை எந்த விலைமனுக் கோரலிலும் கணக்கில் எடுக்கப்படுவதில்லை.

எல்லா வாகனங்களையும் ஒரே நாளில் மாற்ற வேண்டுமென நாம் கூறவில்லை. தீயணைப்பு வாகனம் நள்ளிரவிலும் புறப்பட வேண்டியது. அது கடைசியாக மாறட்டும். யாழ். மாநகரின் குப்பை செல்லும் கல்லுண்டாய் நகரிலிருந்து சில கிலோ மீற்றர் தூரத்திலேயே உள்ளது. ஆனால் புத்தளம் மக்களின் எதிர்ப்பையும் மீறிக் கொழும்பின் குப்பைக்கெனத் தெரிவு செய்யப்பட்ட அருவக்காலு சுமார் 170 கிலோ மீற்றர் தொலைவில் இருக்கின்றது. அவ்வாறான நெடுந்தூரத்துக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது.

பணமே மெய்யான தடை. மின்சார வாகனம் வாங்கும்போது விலை அதிகம். ஓட்டும்போது செலவு குறைவு. எமது சபைகளில் வாகனம் மூலதனச் செலவிலும் டீசல் மீண்டெழும் செலவிலும் எழுதப்படுகின்றன. மாதந்தோறும் டீசலுக்குப் பணம் எப்படியோ கிடைத்துவிடுகின்றது. வாகனத்துக்கான பெருந்தொகையோ அமைச்சின் தயவிலோ வெளிநாட்டு உதவியிலோ தங்கியிருக்கின்றது. ஆதலால் மிகுதியாகும் பணம் எவருடைய கணக்கிலும் தெரிவதில்லை. சீனாவின் ஷென்சென் நகரம் 2017 இறுதிக்குள் தனது 16,359 பஸ்களையும் மின்சாரத்துக்கு மாற்றியபோது இதே சிக்கலை எதிர்கொண்டது. அரசாங்கம் பெரும் மானியம் வழங்கியது. அதற்கு மேலாக, அங்குள்ள பிரதான பஸ் நிறுவனம் வாகனங்களைக் குத்தகை முறையில் பெற்று, மின்கலங்களின் பொறுப்பைத் தயாரிப்பாளரிடமே விட்டது. மானியம் எமது சக்திக்கு அப்பாற்பட்டதாக இருக்கலாம். குத்தகை அவ்வாறானதல்ல.

நன்கொடையாக வந்த வாகனங்கள் உதிரிப்பாகம் இன்றித் தரிப்பிடங்களில் துருப்பிடித்துக் கிடப்பதை நாம் கண்டிருக்கின்றோம். மின்சார வாகனத்துக்கும் அக்கதி நேர்ந்தால், மாற்று எரிபொருள் என்ற பேச்சையே அடுத்த இருபது வருடங்களுக்கு எந்த உறுப்பினரும் சபையில் எடுக்க மாட்டார். மின்கலம் பழுதடைந்தால் மாற்றித் தருவது யார், எத்தனை வருடங்களுக்கு, பழைய மின்கலத்தைத் திருப்பி எடுத்துச் செல்வது யார் என்பன விலைமனுவிலேயே எழுதப்பட வேண்டும். சபையின் இயந்திரத் திருத்துநர்கள் வண்டி வருவதற்கு முன்னரே பயிற்றப்பட வேண்டும். மின்னேற்றும் இடமும் கூரைத் தகடுகளும் வண்டிக்கு முன்னரே தயாராக வேண்டும். அடுத்த வரவு செலவுத் திட்டத்தைத் தயாரிக்கும் சபைகள், இரண்டு வண்டிகளுக்கேனும் இந்தக் கணக்கைப் போட்டு, அதே பாதையில் ஓடும் டீசல் வண்டியின் ஒரு வருடச் செலவை அதன் அருகில் எழுதி, சோலைவரி செலுத்தும் மக்களின் பார்வைக்கு வைக்கட்டும்.